வயோலா டெஸ்மண்ட் பத்தி பேசச் சொல்லுங்க

உங்க பொண்ணு கிளாஸ்ல கனடா நாயகர் ஒருத்தரைப் பத்தி மூணு நிமிஷம் பேசணும்னு கேட்டிருந்தீங்க. எல்லாரும் டெர்ரி ஃபாக்ஸையே (புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்காக செயற்கைக் காலோட ஓடினவர்) எடுத்துட்டாங்கன்னா கவலையே வேணாங்க, வயோலா டெஸ்மண்ட் பத்தி பேசச் சொல்லுங்க. கனடாவுல ஹாலிஃபாக்ஸ் நகரத்துல பியூட்டி பார்லர் நடத்தின கறுப்பினப் பெண், 1946 நவம்பர்ல போற வழியில கார் ரிப்பேராகி நியூ கிளாஸ்கோவுல ஒரு தியேட்டருக்குப் போறாங்க, கறுப்பினத்தவங்களுக்கு மேல் பால்கனி டிக்கெட்தான் தருவாங்க, ஆனா கிட்டப்பார்வைங்கிறதால இவங்க வெள்ளைக்காரங்களுக்கான கீழ் சீட்ல உக்கார, எந்திரிக்கச் சொல்லியும் மாட்டேன்னதும் இழுத்துட்டுப் போய் ராத்திரி முழுக்க லாக்கப்ல வெச்சுட்டாங்க. கேஸ் என்ன தெரியுமா, பால்கனி டிக்கெட்டுல கட்டின வரி, கீழ் சீட்டுக்கான வரியை விட 1 சென்ட் குறையுதாம்! வித்தியாசத்தைக் கட்டுறேன்னு அவங்க சொல்லியும் கீழ் சீட் டிக்கெட் தரல, எனக்கு இன்னும் ஆறல. 1965ல இறந்துட்டாங்க, அரசு மன்னிப்பு வந்தது 2010ல. அந்த 1 சென்ட்ல ஆரம்பிச்சு, 2018ல வந்த கனடாவோட 10 டாலர் நோட்டுல அவங்க முகத்தைக் காட்டி முடிக்கச் சொல்லுங்க, மூணு நிமிஷத்துக்குத் தாராளமா வரும்.