கணிதக் கேள்வி-பதில்: நிரல்களைப் பாருங்கள்

கேள்வி: பிளஸ் டூவில் அணிகள் பாடத்தில் ஒரு மதிப்பெண்கூட விட்டதில்லை. இப்போது பி.எஸ்சி. கணிதம் மூன்றாமாண்டில் நேரியல் இயற்கணிதம் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. வெக்டர் வெளி, நேரியல் சார்பின்மை என்று வரையறைகளாகவே போகிறது, கணக்கே வரவில்லை. பள்ளியில் படித்ததற்கும் இதற்கும் என்னதான் தொடர்பு?
– மாணவி, விருதுநகர்

பதில்: இரண்டும் ஒரே பாடம்தான். பள்ளியில் சமன்பாட்டுத் தொகுப்புக்கு விடை காணப் பழகினீர்கள். இங்கே விடை எப்போது இருக்கும், எப்போது இராது என்று கேட்கிறார்கள்.

க + 2ச = 5, 3க – ச = 1 என்ற சமன்பாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிரைவாரியாக, அதாவது கிடைவரிசையில் ஒவ்வொரு சமன்பாடாகப் பார்த்தால் இவை இரண்டு கோடுகள்; க = 1, ச = 2 என்ற இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. இதையே நிரல்வாரியாக, அதாவது மேலிருந்து கீழாகப் பார்த்தால், க-வின் கெழுக்கள் (1, 3) என்ற வெக்டராகவும் ச-வின் கெழுக்கள் (2, –1) என்ற வெக்டராகவும் நிற்கின்றன. முதலாவதில் ஒரு பங்கையும் இரண்டாவதில் இரண்டு பங்கையும் கூட்டினால் (5, 1) வந்துவிடுகிறது. ஆக, எந்த அளவில் கலந்தால் வலப்பக்கம் கிடைக்கும் என்பதே கேள்வி.

இனி நிரல்கள் (1, 2), (2, 4) என்று இருக்கட்டும். இரண்டாவது முதலாவதின் இருமடங்கு என்பதால், எப்படிக் கலந்தாலும் ஆதிப்புள்ளி வழியே செல்லும் ஒரே கோட்டை விட்டு நகர முடியாது. வலப்பக்கம் (5, 10) என்றால் எண்ணற்ற விடைகள் உண்டு. (5, 11) என்றால் ஒன்றுகூட இல்லை. ஒரு நிரல் மற்றதன் மடங்காக இருப்பதே நேரியல் சார்பு; ஒன்றையொன்று சாராத நிரல்களின் எண்ணிக்கை (இங்கே 1) தரம்; கலந்து எட்டக்கூடிய புள்ளிகள் எல்லாம் சேர்ந்தது (இங்கே அந்தக் கோடு) நிரல் வெளி. மூன்று சொற்களும் இந்த ஒரு படத்துக்குள் அடங்கியிருக்கின்றன. வரைபடத்தாளில் உங்கள் கையாலேயே ஒருமுறை வரைந்து பாருங்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய வகுப்புகளின் காணொளிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் வகுப்பிலேயே அவர் நிரைப் படத்தையும் நிரல் படத்தையும் அடுத்தடுத்து வரைகிறார்.

விடை காண அணிக்கோவையை (டிடர்மினன்ட்) மட்டும் நம்பியிருந்தால் அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். 20 நிரை, 20 நிரல் கொண்ட அணிக்கோவையை விரித்தெழுதினால் உறுப்புகளின் எண்ணிக்கையே 19 இலக்கங்கள் கொண்ட எண். விநாடிக்கு 100 கோடி உறுப்புகளைக் கூட்டும் கணினிக்குக்கூட அதை முடிக்க ஏறத்தாழ 77 ஆண்டுகள் பிடிக்கும். அதே அளவுள்ள சமன்பாட்டுத் தொகுப்பைப் பள்ளியில் படித்த காஸ்ஸியன் நீக்கல் முறை சுமார் 3,000 பெருக்கல், வகுத்தல்களில் தீர்த்துவிடுகிறது. அணிக்கோவையால் விடை காணும் விதியைக் கிராமர் வெளியிட்டது 1750இல்; வெக்டர் வெளிக்கான விதிகளை இத்தாலியக் கணித அறிஞர் பியானோ முறையாக வகுத்ததோ 1888இல். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்த தூரத்தை ஒரு பருவத்தில் கடக்கச் சொல்கிறார்கள் என்பதால், முதல் மாதத்தில் மூச்சுவாங்குவது இயல்புதான்.

கேள்வி: ‘ஐகன் மதிப்பு’ என்கிறார்களே, ஐகன் எந்த நாட்டுக் கணித அறிஞர்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அப்படி ஒருவர் இல்லை. ஜெர்மன் மொழியில் ‘ஐகன்’ என்றால் ‘தனக்கே உரிய’ என்று பொருள். (2, 1), (1, 2) என்ற நிரைகளைக் கொண்ட அணியால் (1, 1) என்ற வெக்டரைப் பெருக்கினால் (3, 3) வரும். திசை மாறவில்லை, நீளம் மட்டும் மும்மடங்காகிறது. அந்த 3தான் ஐகன் மதிப்பு. (1, –1) என்ற வெக்டரையும் பெருக்கிப் பாருங்கள், இரண்டாவது ஐகன் மதிப்பும் கிடைத்துவிடும்.