ஒற்றை நிறத் திரைச்சீலை அலுத்துவிடுமா?

கேள்வி: வெள்ளைப் பருத்தியில் சிவப்பு நிறத்தில் மேய்ப்பர்களும் மரங்களும் அச்சிட்ட ‘துவால் த ஜூயி’ துணியில், 4 அடி அகல ஜன்னலுக்கு 7 அடி உயரத் திரை தைக்க விரும்புகிறேன். ஒரே நிறம் அலுத்துவிடாதா? எத்தனை மீட்டர் தேவை?

பதில்: அலுக்காது. அந்த ஒற்றை நிறத்தில்தான் இதன் அழகே இருக்கிறது. 1752இல் டப்ளின் அருகே பிரான்சிஸ் நிக்சன் செப்புத் தகட்டால் துணியில் அச்சிட்டார். மர அச்சில் வராத மயிரிழைக் கோடுகள் தகட்டில் வந்தன. ஆனால் அதன்மேல் இன்னொரு நிறத்தைப் பிசகாமல் பதிப்பது பெரும்பாடு. ஆகவே நிழல், தொலைவு, முகபாவம் எல்லாவற்றையும் கோடுகளின் நெருக்கத்திலேயே காட்டினார்கள். கிட்டே போய்ப் பாருங்கள், புதிதாக ஏதாவது கண்ணில் படும்.

துணியின் பெயரில் வரும் ஜூயி, பிரான்சில் வெர்சாய் அருகிலுள்ள ஊர். பட்டு, கம்பளி நெசவைக் காக்க பிரான்ஸ் 1686இல் அச்சிட்ட பருத்தித் துணிகளைத் தடை செய்தது. 1759இல் தடை நீங்கியது. மறு ஆண்டே, ஜெர்மனியில் பிறந்த ஓபர்காம்ப் ஜூயியில் பட்டறை தொடங்கினார். 1783இல் ஓவியர் யுவே அந்தப் பட்டறை வேலைகளையே ஒரு துணிக்கு வரைந்தார்: அலசுபவர்கள், உலர்த்துபவர்கள், அச்சிடுபவர்கள். உழைப்பவர்களையே அலங்காரமாக்கிய அந்தத் துணி எனக்கு மிகவும் பிடித்தது. தடைக்குக் காரணமான துணிகளில் நம் சோழமண்டலக் கரையில் சாயவேரும் படிகாரமும் கொண்டு தீட்டியவையும் உண்டு. அந்த நுட்பத்தை 1734 வாக்கில் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி படிப்படியாகக் குறித்துக்கொண்டார்.

இனிக் கணக்கு. கடையில் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, படம் எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பதுதான். உங்கள் திரைக்கு 84 அங்குலம், மேலும் கீழும் மடித்துத் தைக்க 12, ஆக 96. படம் 25 அங்குலத்துக்கு ஒருமுறை வந்தால், முழுப் படமாக வெட்ட ஒரு துண்டுக்கு 100 அங்குலம். பன்னா, அதாவது துணியின் அகலம், 54 அங்குலமானால் இரண்டு துண்டுகள், சுமார் 5.1 மீட்டர். படம் 1 மீட்டர் உயரமானால் ஒரு துண்டுக்கே 3 மீட்டர், மொத்தம் 6. எதுவானாலும் இன்னொரு படத்தின் உயரம் கூடுதலாக வாங்குங்கள். சுருக்கத்துக்கும் தவறுக்கும் உதவும்.

மடிப்பு நெருக்கமானால் மேய்ப்பர் பாதி மறைந்துவிடுவார். ஜன்னல் அகலத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் துணி வேண்டாம். வெயில் நிறத்தைத் தின்னும், உட்புறம் லைனிங் துணி அவசியம். வெட்டும் முன் இரு துண்டுகளையும் தரையில் அருகருகே விரித்து, படங்கள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று தையற்காரருடன் சேர்ந்து பாருங்கள்.