பீலித் தண்ணீரும் வயிற்றுளைவும்: வாசகர் கேள்விகள்

மழை தொடங்கியதும் வயிற்றுளைவுக் கடிதங்களும் வந்து குவிந்துவிடுகின்றன. இந்தத் தடவை, இரத்தத்தோடு வயிற்றுளைவைக் கொண்டுவரும் ஷிகெல்லா என்ற கிருமி பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பீலியில் (மலைத் தண்ணீர் விழும் குழாயில்) கை வைத்தால் விறைத்துப்போகும். அந்தக் குளிரில் கிருமி செத்துவிடாதா? (தலவாக்கலை)

சாகாது. மலைத் தண்ணீர் மருந்து மாதிரி என்று சொல்லிச் சொல்லியே நம் ஆட்கள் வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஷிகெல்லாவுக்குக் குளிர்தான் வசதி. வெதுவெதுப்பான நீரில் சில நாட்களில் மடிந்துபோகிற கிருமி, குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் கிடக்கும். ஆயுதங்களைச் செய்வதை மட்டும் அது நிறுத்திவைக்கிறது. குடல் கலத்துக்குள் நுழைய உதவும் ஊசிக் கருவிக்கான பரம்பரையலகுகள் பிளாஸ்மிட் என்கிற பெரிய தனி டிஎன்ஏ வளையம் ஒன்றில் இருக்கின்றன. 30 பாகைக்குக் கீழே எச்-என்எஸ் என்ற புரதம் அவற்றை அமுக்கிப் பிடித்திருக்கும். உடம்புக்குள் 37 பாகை கிடைத்ததும் அந்தப் பிடி தளரும். முதலில் விர்-எஃப் என்ற புரதம், அது தூண்டிவிட விர்-பி என்ற இன்னொரு புரதம், அப்புறம் ஊசியும் அதன் வழியே பாயும் புரதங்களும் வரிசையாகத் தயாராகும். அப்போதும் அவசரப்படாது. குடலின் நடுவே ஒட்சிசன் இல்லை. சுவரை ஒட்டிக் கசிகிற கொஞ்ச ஒட்சிசன் பட்ட பிறகுதான் முழுமூச்சாகத் தாக்கும். குளிர்ந்த நீரில் வீண்செலவு செய்யாமல் இருந்து, இடம் பார்த்துச் செலவழிக்கிற கணக்கு இது.

“தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே” என்று இன்னும் இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரு தம்ளரில் இலட்சம் கிருமி இருந்தாலும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். பீலிக்கு மேலே எந்த லயத்து மலசலகூடக் குழி இருக்கிறது என்று ஏறிப் பார்த்தீர்களா? ஷிகெல்லா மனிதக் கழிவிலிருந்து வருவது. மாட்டுச் சாணியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கொதித்தாறிய தண்ணீரையே குடியுங்கள்.

நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதிக்கிறதாமே, போதுமா?

ஏறக்குறைய 94 பாகையில் கொதிக்கும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் ஷிகெல்லாவுக்கு அதுவே தாராளம். ஆறிய பாத்திரத்தில் கையையோ கோப்பையையோ விட்டு மொள்ளாதீர்கள்.

வயிற்றால் போகிறது. என்ன மாத்திரை?

ஊரும் இல்லை, வயதும் இல்லை, இரத்தம் போகிறதா என்றும் இல்லை. நான் என்ன சாத்திரமா பார்க்கிறேன்? இரத்தமும் காய்ச்சலும் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்வரை ஜீவனி (உப்புச் சர்க்கரைத் தூள்) கரைத்துக் குடியுங்கள். வயிற்றோட்டத்தை அடைக்கிற மாத்திரை வேண்டாம், கிருமியை உள்ளே பூட்டிவைத்த மாதிரி ஆகும். போன தடவை மிஞ்சிய அன்டிபயோட்டிக் அதைவிட மோசம். மருந்துக்கு அடங்காத ஷிகெல்லா இன்று உலகம் முழுக்கத் தலைவலி.

இரைப்பை அமிலம் கிருமியைக் கொன்றுவிடும் என்று படித்தேன். (பதுளை, உயர்தர மாணவி)

பல கிருமிகளுக்குச் சரி. ஷிகெல்லா அமிலத்தைத் தாங்கும். அதனால்தான் கொலராவுக்கு இலட்சக்கணக்கில் வேண்டியிருக்க, இதற்குப் பத்திலிருந்து நூறு கிருமி போதும்.

தண்ணீரைப் பரிசோதித்தோம், அறிக்கை நன்றாக இருந்தது. பிறகும் பிள்ளைகளுக்கு வந்ததே? (நானுஓயா)

வழக்கமான பரிசோதனை ஷிகெல்லாவைத் தேடுவதில்லை, மலக் கலப்பின் அடையாளமாக, குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமியைத்தான் எண்ணும். குளிரிலும் பட்டினியிலும் ஷிகெல்லா உயிரோடு இருந்தும் ஆய்வுகூட வளர்தட்டில் முளைக்காத நிலைக்குப் போவதுண்டு. ஒரு நாள் எடுத்த தண்ணீர் அந்த ஒரு நாள் நிலைமையைத்தான் காட்டும். மழை பெய்த மறுநாள் எடுத்துப் பாருங்கள். கைகளையும் மறக்க வேண்டாம், பிள்ளைகளிடையே தண்ணீரைவிட அதிகம் பரப்புவது கைதான்.

கலங்கல் தண்ணீருக்குக் குளோரின் போடலாமா?

முதலில் தெளியவைத்து வடியுங்கள். சேற்றோடு போட்டால் குளோரினைச் சேறே தின்றுவிடும்.

மகனுக்குச் சுகமாகிவிட்டது. எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்? (மஸ்கெலியா)

வயிற்றோட்டம் நின்று இரண்டு நாள் போகட்டும். ஆனால் மலத்தில் கிருமி இன்னும் சில வாரம் வரலாம். மலசலகூடம் போய்வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறானா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தங்கச்சிக்குச் சோறு ஊட்டுகிற வேலையை இப்போதைக்கு அவனிடம் கொடுக்காதீர்கள்.