பி.டி. பீரியடைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட். அதில் ஒன்றைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார். ஆறு மாதம் முன்பு வயதுக்கு வந்தாள். அதிலிருந்து 'இனிமேல் ஓட்டம் ஆட்டமெல்லாம் வேண்டாம்' என்று என் மாமியார் சொல்லிவிட்டார். உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறது, இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பள்ளி வாசலில் 'ஃபிட் இந்தியா' பள்ளி என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அரசே இவ்வளவு செய்யும்போது பள்ளியில் நடப்பது போதாதா? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: போதாதும்மா. அதைச் சொல்வதற்கு முன் அந்த மூச்சு வாங்கலைப் பார்த்துவிடுவோம்.

இந்த வாரமே ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யுங்கள். மாதவிலக்கு தொடங்கிய புதிதில் சில பெண்களுக்கு உதிரப்போக்கு அதிகமாக இருக்கும். ரத்தச்சோகை வந்தால் முதலில் தெரிவதே படியேறும்போதுதான். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தச்சோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். தனியார் பள்ளியில் உங்கள் மகளுக்கு அது கிடைக்கிறதா என்று கேளுங்கள். அவள் வயதில் ஹீமோகுளோபின் அளவு 12-க்குக் கீழே இருந்தால் சிகிச்சை வேண்டும். ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, இழுப்பு இருந்தாலும், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலும், விளையாட அனுப்பும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இது எதுவும் இல்லையென்றால், ஓடிப் பழகிய உடம்பு உட்கார்ந்தே இருந்து பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. அதைச் சரிசெய்துவிடலாம்.

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. வாரத்துக்கு 420 நிமிடம். உங்கள் மகளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பீரியட், 40 நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் வரிசையில் நின்றது, பந்துக்குக் காத்திருந்தது எல்லாம் போக மிச்சம் எவ்வளவு? 2016 வரையிலான விவரங்களை வைத்து 146 நாடுகளில் 11 முதல் 17 வயது மாணவர்களைக் கணக்கிட்டபோது, 81 சதவீதம் பேர் இந்த ஒரு மணி நேரத்தைத் தொடவில்லை. ஆண் பிள்ளைகளில் 78 சதவீதம், பெண் பிள்ளைகளில் 85 சதவீதம்.

அந்த போர்டு விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் ஃபிட் இந்தியா இயக்கம் 2019 ஆகஸ்ட் 29, ஹாக்கி வீரர் தியான் சந்த் பிறந்தநாளில் தொடங்கியது. பள்ளிகளுக்குக் கொடி, மூன்று நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று தகுதி தருகிறார்கள். அடிப்படையான கொடிக்கே என்ன நிபந்தனை தெரியுமா? பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், விளையாட மைதானம், ஒவ்வொரு வகுப்புக்கும் தினமும் ஒரு விளையாட்டு பீரியட், எல்லா மாணவர்களும் நாளுக்கு 60 நிமிடம் ஓடியாடுவது. வாரத்துக்கு இரண்டு என்று அதில் எங்கும் கிடையாது. ஆகவே, அந்த போர்டு உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆதாரம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாலைந்து அம்மாக்களாகச் சேர்ந்து போய், டைம்டேபிளைக் காட்டிக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் உங்கள் மகளைப் பற்றிய புகாராகிவிடும். சேர்ந்து கேட்டால் பி.டி. ஆசிரியருக்கே அது பலம். பீரியட் பறிபோவதில் அவருக்கும் வருத்தம் இருக்கும்.

தமிழக அரசும் முதலமைச்சர் கோப்பை நடத்துகிறது. 2024-ல் ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் தரும் திட்டத்தையும் தொடங்கியது. நல்ல காரியங்கள். ஆனால் போட்டி என்பது ஏற்கெனவே ஓடுகிற பிள்ளையைத்தான் தேடிப் பிடிக்கும். ஓரமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எழுப்பி விடுவது தினசரி பீரியட்தான்.

இப்போது உங்கள் மாமியார். அவர் சொல்வதற்கு மருத்துவக் காரணம் ஒன்றுகூட இல்லை. உண்மை நேர்மாறானது. வளர்ந்து முடிந்த பிறகு நம் எலும்பில் இருக்கும் தாதுச்சத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு, வளரும் பருவத்தின் இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் இதே 12, 13 வயது. குதிப்பதும் ஓடுவதும் இந்த வயதில் எலும்புக்குள் போடும் சேமிப்பு. மாதவிலக்கு நாட்களிலும் விளையாடலாம். லேசாக நடமாடினால் வயிற்றுவலி குறைவதாகப் பலர் சொல்கிறார்கள். ஆனால் மாமியாரின் பயத்தை ஒதுக்கித் தள்ளிவிடாதீர்கள். தெருவில் வெளிச்சம் இல்லை, கேலி பேசுகிற பையன்கள் நிற்கிறார்கள் என்றால் அந்தப் பயம் நியாயமானது. இடத்தை மாற்றுங்கள், விளையாட்டை நிறுத்தாதீர்கள். மொட்டை மாடியில் ஸ்கிப்பிங், பக்கத்து வீட்டுப் பெண்களோடு ஷட்டில், ரிங் பால், எறிபந்து. டியூஷனுக்கு சைக்கிள். 60 நிமிடமும் ஒரே மூச்சில் வேண்டியதில்லை, பத்துப் பத்து நிமிடமாகச் சேர்ந்தாலும் கணக்குதான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். 'உடம்பைக் குறை' என்று சொல்லி அவளை ஓட வைக்காதீர்கள். சிங்கப்பூர் அரசு 1992-ல் எடை கூடிய மாணவர்களுக்கென்று தனி உடற்பயிற்சித் திட்டம் கொண்டுவந்தது. பருமன் குறைந்தது, கூடவே அந்தப் பிள்ளைகள் கேலிக்கும் ஆளானார்கள். 2007-ல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவர்களுக்குமான பொதுத் திட்டமாக மாற்றினார்கள். உங்கள் மகளோடு நீங்களும் ஸ்கிப்பிங் கயிற்றை எடுங்கள். எடையைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையில் குறையில்லை என்று தெரிந்த பிறகு, பள்ளிகளுக்கான கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையில் வருவதுபோல 600 மீட்டர் தூரத்தை ஓடியும் நடந்தும் முடிக்கச் சொல்லி, நேரத்தை நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே தூரம், அதே இடம். அப்போதும் இரண்டு மாடிக்கு மூச்சு வாங்கினால், தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் அந்த நோட்டோடு அழைத்துப் போங்கள்.