மண்சட்டியில் கறிக்குழம்பு: கறி ஏன் ரப்பர் மாதிரி ஆகிறது?

கல்யாண நாளன்று வீட்டுக்காரிக்கு நம்மூர் வறுத்தரைத்த ஆட்டுக்கறிக் குழம்பு வைக்க வேண்டும், போன தடவை கறி இறுகிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தப்பு தீயில்தான். தளதளவென்று கொதித்தால் தசை சுருங்கி, உள்ளிருக்கும் சாறு வெளியேறிவிடும். சவ்வு கரைந்து கறி மெத்தென்று ஆக, சிறுதீயும் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாத பொறுமையும் வேண்டும்.

கடையில் அரை கிலோ முன்னங்கால் சப்பை, எலும்போடு கேளுங்கள். வெறும் தொடைக்கறி இதற்கு ஆகாது, சவ்வு குறைவு, வறண்டுவிடும்.

திருநெல்வேலிப் பக்கம் காருகுறிச்சியில் செய்யும் மண்சட்டி இருந்தால் நல்லது. 3 ஸ்பூன் நல்லெண்ணெயில் 150 கிராம் சின்ன உள்ளி, ஒரு ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, ஒரு தக்காளி வதக்கி, கறி, மஞ்சள், உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் புரட்டுங்கள். பிறகு 2 டம்ளர் வெந்நீர் ஊற்றி மூடுங்கள். சட்டி ஓரத்தில் அங்கொன்று இங்கொன்றாகக் குமிழி வர வேண்டும், அவ்வளவுதான் தீ. தண்ணீர் வற்றினால் மறுபடியும் வெந்நீரே. பச்சைத்தண்ணீர் ஊற்றினால் சூடு இறங்கி வேக்காடு நின்றுவிடும், சட்டியும் விரிசல் விடலாம்.

2 மேசைக்கரண்டி மல்லி, 6 மிளகாய் வத்தல், ஒரு ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சோம்பு இவற்றைக் கருகாமல் வறுத்து எடுங்கள். கால் மூடித் தேங்காயைத் தனியே சிவக்க வறுத்து, எல்லாவற்றையும் மையாக அரையுங்கள். கரண்டியால் அழுத்தும்போது கறி எலும்பை விட்டு நழுவினால்தான் அரைப்பைச் சேர்க்கணும். முன்பே சேர்த்தால் அடிப்பிடிக்கும். அதன்பின் 15 நிமிடம் போதும். மண்சட்டி இறக்கிய பிறகும் கொதிக்கும், குழம்பு கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.