நுண்ணுயிர்கொல்லி மருந்துக்குப் பின் எடுக்கும் ‘நல்ல பற்றீரியா’ வில்லைகள் குடலில் ஒட்டி நிலைத்துவிடுமா?

நீங்கள் மருந்தை எடுத்து முடித்து, வயிறு இன்னும் சரிவராமல், விலை கூடிய போத்தல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சில இனங்கள் ஒட்டும். ஆனால் குடற்சுவரில் அல்ல, பெரும்பாலும் நிரந்தரமாகவும் அல்ல. இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனெனில் யாழ்ப்பாணத்தில் 25 ஆண்டுகளுக்கு மேல் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பித்து, கரும்பலகையில் கீறிய குடலின் சுவரிலேயே பற்றீரியாக்களைப் புள்ளி புள்ளியாக ஒட்டிக் காட்டியவன் நான்.

வேலியடைக்கும்போது பனைமட்டைக் கருக்குக் காலைக் கிழித்து, புண் சீழ்பிடித்ததால், 10 நாள் மருந்து எடுக்க வேண்டி வந்தது. நான்காம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. மருந்துக்கடையில் ஒரு போத்தலை நீட்டி, “இது குடலிலை போய் ஒட்டிவிடும் மாஸ்டர்” என்றார்கள். நானே அப்படிப் படிப்பித்திருந்ததால் மறுத்துக் கேட்கவில்லை. அந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மாணவி ஒருவர் (நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்) போத்தலைப் பார்த்துவிட்டு, “சேர், நீங்கள் அண்டைக்குக் கீறின படத்திலை பற்றீரியா இருந்த இடம் பிழை” என்று சொல்லி, நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் புதிதாகக் கீறிக் காட்டினார்.

சீதம் என்றால் எங்களூரில் சீதபேதிதான் நினைவுக்கு வரும். ஆனால் சீதம் என்பது குடல் சுரக்கும் வழுவழுப்பான சளிதான்; நலமான பெருங்குடலையும் அது இரண்டு படைகளாக மூடியிருக்கிறது. சுவரை ஒட்டிய உட்படை இறுக்கமானது. அதற்குள் பற்றீரியாக்கள் பெரும்பாலும் புகுவதில்லை என்பதைச் சுவீடனின் கோத்தன்பேர்க் ஆய்வாளர்கள் 2008இல் எலிகளில் காட்டினார்கள். அவற்றின் குடியிருப்பெல்லாம் தளர்ந்த வெளிப்புறப் படையில்தான். சீதத்தின் சட்டகமான மியூசின் புரதத்திலிருந்து, பனங்கொட்டையில் தும்பு நிற்பதுபோல, வெல்ல (சர்க்கரை) மூலக்கூறுகளின் சங்கிலிகள் அடர்ந்து நிற்கின்றன. ஈ. கோலி என்னும் குடற்பற்றீரியா தன் நுண்ணிழைகளின் நுனியிலுள்ள புரதத்தால் மனோசு என்னும் வெல்லத்தைப் பற்றுகிறது. லக்டோபசிலஸ் ரியூட்டரி என்னும் இன்னொரு பற்றீரியாவின் மேற்பரப்பில் சீதத்தைப் பற்றுவதற்கென்றே பெரிய புரதம் ஒன்று உண்டு.

வில்லைகளில் பெயர்பெற்ற லக்டோபசிலஸ் ரம்னோசஸ் ஜீஜீயை (GG), அதே சிற்றினத்தைச் சேர்ந்த இன்னொரு வகையுடன் பின்லாந்து ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள். ஜீஜீயிடம் மட்டுமே மயிரிழை போன்ற நீட்சிகள் இருந்தன. அவற்றிலுள்ள ஒரு புரதத்தின் பரம்பரையலகைச் செயலிழக்கச் செய்ததும், சீதத்தில் ஒட்டும் திறன் பெரிதும் குறைந்தது. ஆகவே போத்தலில் சிற்றினத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எந்த வகை என்பதையும் பாருங்கள். என் போத்தலில் அது அச்சிடப்படவே இல்லை. அந்த விலைக்கு அதையாவது அச்சிட்டிருக்கலாம்.

ஒட்டினாலும், சீதம் ஓயாமல் புதிதாகச் சுரந்து பழையதைத் தள்ளிக்கொண்டிருப்பதால், அங்கேயே பெருக முடியாதவை அதனோடு கழிந்துபோகும். இஸ்ரேலில் சிறு எண்ணிக்கையான தன்னார்வலர்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வுகளில், சிலருடைய குடல் இத்தகைய ‘நல்ல பற்றீரியா’க்களை ஏற்றது, சிலருடையது ஏற்கவில்லை. நுண்ணுயிர்கொல்லிக்குப் பின் இவற்றை எடுத்தவர்களில், சொந்தப் பற்றீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாயிற்று.

வைத்தியத்துக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கடந்துபோகும்போதே நன்மை செய்யும் வகைகளும் உண்டு. மருந்தால் வரும் வயிற்றோட்டத்தைச் சில வகைகள் குறைப்பதாகச் சான்றும் இருக்கிறது. உங்கள் வைத்தியர் சொன்னால் எடுங்கள். அதேபோல, பழங்கஞ்சியே போதும் என்று சொல்பவர்களோடும் நான் இல்லை. அதிலுள்ளவையும் ஒட்டி நிலைக்கும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

நான் மாற்றியது சாப்பாட்டைத்தான். 2016இல் வெளியான எலி ஆய்வொன்றில், நார்ச்சத்தை நிறுத்தியதும் குடற்பற்றீரியாக்கள் சீதத்தையே தின்று அதை மெலியச் செய்தன. அதனால் தீட்டாத சிவப்பரிசிச் சோறு, பயறு, முருங்கையிலை வறை என்று திரும்பினேன். வயிறு சரிவர ஆறு வாரமளவில் எடுத்தது, அது தானாகவே ஆறியிருக்கவும் கூடும். எஞ்சிய 11 வில்லைகள் இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கின்றன. கொடுத்த காசை நினைத்தால் எறிய மனம் வரவில்லை.