ஒரு வாரமா அந்தத் துண்டை என்னதான் செய்றாங்க?

அடுத்து என்ன படிக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டுப் பத்தமடையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. வாப்பா, உம்மா, மகள், கூடவே தாய்மாமா. மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். தகுதி மதிப்பெண் வந்திருக்கிறது, ஆனால் அரசு இடத்துக்கு எட்டாது. "பிள்ளை சரியாச் சாப்பிடுறதே இல்ல சார்" என்று உம்மா கண்கலங்க, நானும் வழக்கம்போல "கவலைப்படாதீங்கம்மா" என்றுதான் ஆரம்பித்தேன். அதற்குள் மாமா ஓர் ஏஜென்ட் கொடுத்த நோட்டீஸை மேஜையில் விரித்தார். வெளிநாட்டில் எம்பிபிஎஸ். ஆற்றுப்பாசன வயலை விற்றால் முதல் இரண்டு வருடம் ஓடிவிடுமாம்.

மீதி வருடங்களுக்கு? மாமாவிடம் பதில் இல்லை. அங்கே முடித்து வந்தாலும் இங்கே தேர்வில் தேறாமல் டாக்டராகப் பதிய முடியாது. நடுவில் பணம் நின்றால் வயலும் போச்சு, பட்டமும் போச்சு. இதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தேன். போன வருடம் தாத்தாவுக்கு மலத்தில் ரத்தம் போனதால், பெருங்குடலுக்குள் டியூப் விட்டுப் பார்த்து, உள்சுவரில் முளைத்திருந்த ஒரு பாலிப்பை, அதாவது சின்னக் கட்டியை, வெட்டி எடுத்தார்களாம். ரிசல்ட் வர ஒரு வாரம். வீட்டில் எல்லோரும் புற்றா இல்லையா என்று தவித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் நர்ஸிடம், "ஒரு வாரமா அந்தத் துண்டை என்னதான் செய்றாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

அந்தக் கேள்விதான் அவளுடைய படிப்பு. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் (எம்எல்டி) என்றால் ரத்தம் எடுக்கிற வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். திசுப் பரிசோதனைப் பிரிவு ஒன்று உள்ளே இருப்பது கண்ணில் படுவதே இல்லை.

எடுத்த துண்டு முதலில், திசு கெடாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் ஊறும். நோயியல் மருத்துவர் அதை அளந்து, விளிம்பில் மை தடவி, நறுக்கிக் கொடுப்பார். அதன்பின் டெக்னீஷியன் கைதான். ஆல்கஹாலில் படிப்படியாக நீரை வெளியேற்றி, சைலீன் என்ற திரவத்தில் போட்டு, உருகிய பாரஃபின் மெழுகில் ஊறவைத்து அச்சில் பதிக்க வேண்டும். குடலில் ஒட்டியிருந்த காம்பு எந்தப் பக்கம் என்று பார்த்து நிறுத்தாவிட்டால் காரியம் கெட்டது. ஏனென்றால் பெருங்குடல் கட்டியில் கேள்வியே ஒன்றுதான்: கோளாறான செல்கள் சளிச்சவ்வின் அடியிலுள்ள மெல்லிய தசை அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கின்றனவா? தாண்டாவிட்டால் அது அடினோமா, அதாவது இன்னும் புற்றாகாத கட்டி. முழுதாக எடுத்தாகிவிட்டால், காலாகாலத்தில் மறுபடி டியூப் விட்டுப் பார்த்துக்கொண்டால் போதும். தாண்டியிருந்தால் புற்று. சாய்த்துப் பதித்த துண்டில் அந்த எல்லையே சரியாகத் தெரியாது.

மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவ வேண்டும். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஏந்த வேண்டும். இவள் பாட்டி பட்டுப்பாய்க்குக் கோரை கிழித்தவர், அந்த விரல் இவளுக்கும் இருக்கிறது. அப்புறம் சாயம். செல்லின் உட்கருவை நீலமாக்கும் ஹெமடாக்ஸிலின் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுப்பது. கோரைக்குச் சிவப்பேற்றிய சப்பங்கட்டைச் சாயத்துக்கு வேதியியலில் நெருங்கிய சொந்தம். இதைச் சொன்னதும் பிள்ளை முதல் தடவையாகச் சிரித்தாள்.

பிஎஸ்சி எம்எல்டி, பயிற்சியோடு நான்கு வருடம். டிப்ளமோ என்றால் இரண்டு வருடம். பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், அரசுக் கல்லூரியில் கிடைத்தால் வயலைத் தொட வேண்டாம். ஆறு மாதத்தில் சர்டிபிகேட் என்று மாடிப்படியில் போர்டு தொங்கும் இடங்களுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

"டெக்னீஷியனா?" என்று மாமா முகம் சுளித்தார். ஆமாம், ரிப்போர்ட்டில் முடிவு சொல்லிக் கையெழுத்துப் போடுவது டாக்டர்தான். தனியாரில் தொடக்கச் சம்பளமும் குறைவு. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எதையும் மறைக்கவில்லை. ஆனால் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காக வயலை விற்கிற கணக்கு எனக்குப் புரியவில்லை.

கிளம்பும்போது பிள்ளை கேட்டாள்: "பார்மலின் நாத்தம் ரொம்ப இருக்குமா சார்?"

"கண் எரியும்."

"ஊறப்போட்ட கோரையும்தான் நாறும்."

"அது வேற, இது உடம்புக்குக் கெடுதல். சேருகிற இடத்தில் புகை உறிஞ்சும் கருவி வேலை செய்யுதான்னு முதல்ல பாரு" என்றேன்.